உதைத்தால் கிளம்பாத வண்டி

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது என்பதைத் திருவனந்தபுரத்திலுள்ள எங்கள் இல்லத்தில் முதலில் உணர்த்துவது, 1972ஆம் ஆண்டு தந்தையார் வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள். ஈரக்காற்று பட்டதும் அது முரண்டு பிடிக்கும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வடிவமைப்பு. ஆயினும் 1955இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவானது. நம்மில் பலரைப் போலத் தமிழகத்தில் பிறந்து, இங்கு வந்து, கே.எல்.டி. என்னும் பழைய திருவனந்தபுரத்து எழுத்துகளைத் தாங்கி நிலைத்துவிட்டது.

இதனைக் கால்வலிமையால் கிளப்ப இயலாது. கட்டுடல் இளைஞர்கள் வியர்த்துத் தோற்றதுண்டு. மெலிந்த உடலினரான தந்தையாருக்கோ ஒரே மிதி போதும். பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைத் திருப்பி, அம்மீட்டர் முள்ளைப் பார்த்தவாறே கிக்கரை மெல்ல அழுத்துவார். சிலிண்டருக்குள் அழுத்தம் திரண்டு கிக்கர் இறுகுமிடத்தில், இடக்கைப் பக்கத்து டிகம்ப்ரஸரைப் பிடிப்பார். வால்வு சற்றே திறந்து அழுத்தம் கசியும். முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சியைக் கடந்ததற்கு அதுவே அடையாளம். டிகம்ப்ரஸரை விடுத்து, கிக்கரை மேலே வரவிட்டு, முழுதாக ஒரு மிதி, அவ்வளவே. டைமிங் பிழைத்துப் பொறி முந்தினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கிக் கிடந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மழைக்காலக் கோளாறுக்குப் பெரும்பாலும் பாயிண்டே காரணம். அதனைத் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தல் வேண்டும். டேப்பெட்டை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். தள்ளுகோல் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடலாகாது.

ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் மத்திய அரசு ‘விண்டேஜ்’ பதிவு முறையைக் கொணர்ந்தது. அப்பதிவு பெற்ற வண்டி கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் செல்லலாம். அன்றாடப் பயணத்திற்கு ஆகாது. மறு ஆண்டே எங்கள் வண்டி அவ்வகவையை எட்டியது. நண்பர்கள் வற்புறுத்தினர். “ஓடாத வண்டிக்கு எதுக்கு நம்பர்?” என்று தந்தையார் மறுத்துவிட்டார். அவருடைய முழங்கால் இப்போது மிதிக்க இடந்தருவதில்லை. திண்ணையில் அமர்ந்தபடி, “முள்ளைப் பாரு மக்களே, காலைப் பாக்காத” என்று நாகர்கோவில் தமிழில் என் மகளுக்குக் கற்பிக்கிறார். 2023இல் வந்த புதிய புல்லட்டில் கிக்கரே இல்லை, பொத்தான்தான். அந்த வசதியை நான் குறைத்துரையேன்.

ஐந்தாண்டுக்கொருமுறை சோதனைக்குக் கொண்டுசென்று பழைய பதிவையே புதுப்பித்து வருகிறோம். சென்ற முறை ஆய்வாளர் முன்னிலையில் மகள் இரண்டாம் மிதியில் கிளப்பினாள். வீட்டிலிருந்து செய்தி கேட்ட தந்தையார், “ஒரு மிதி கூடுதல்” என்றார்.