வளையல் வீட்டு வாசலில்

கலிபோர்னியாவில் குபர்டினோ என்று ஓர் ஊர். பார்த்தால் ஊர் மாதிரியே இராது. அகலமான ரோடுகளும், அடங்கி ஒடுங்கிய வீடுகளும்தான். ஆனால் ஐபோன் கம்பெனியின் ஊர் இதுதான் என்றால் நிமிர்ந்து உட்காருவீர்கள் அல்லவா?

"முதல்லே ஷெட்டைப் பார்த்துடலாம், அத்தான்!" என்றான் என் மைத்துனன்.

பக்கத்து ஊரான லாஸ் ஆல்டோஸில், ஸ்டீவ் ஜாப்ஸ் பையனாக இருந்து வளர்ந்த வீடு இருக்கிறது. 1976-ல் ஆப்பிள் கம்பெனி பிறந்தது இந்த வீட்டுக் கார் ஷெட்டில் என்பது ஸ்தல புராணம். 2013-ல் இதைச் சரித்திரச் சின்னமாகவும் ஆக்கிவிட்டார்கள். ஆனால் கூட்டாளி வாஸ்னியாக், ஷெட்டில் அப்படியொன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை என்று பிற்பாடு சொல்லி வைத்தார். ஸ்தல புராணத்தை அர்ச்சகரே மறுத்தால் எப்படி இருக்கும்!

அங்கிருந்து ஆப்பிள் பார்க். 175 ஏக்கர். நடுவே வளையலைப் படுக்க வைத்தாற்போல் வட்டமாக ஒரே கட்டிடம். சுற்றி வந்தால் ஏறக்குறைய ஒரு மைல். ஒரு காலத்தில் இந்தப் பிரதேசம் முழுவதும் ஆப்ரிகாட், பிளம் தோட்டங்களாம். அந்த ஞாபகத்தில் பழ மரங்கள் உள்பட 9,000 மரங்கள் இருக்கின்றன. 2011 ஜூனில் ஜாப்ஸ் நகரசபையில் நின்று இந்தத் திட்டத்தை விவரித்தார். அக்டோபரில் காலமாகிவிட்டார். 2017-ல்தான் சிப்பந்திகள் குடியேறினார்கள்.

நம்மைப் போன்ற யாத்திரிகர்களுக்கு உள்ளே தரிசனம் கிடையாது. எதிரே விருந்தினருக்கென்று ஒரு கூடம். அதில் கட்டிடத்தின் அலுமினிய மாதிரி ஒன்று. மாடிக்குப் போனால் மரங்களின் நடுவே வளையலின் விளிம்பு கொஞ்சம் தெரிகிறது. அவ்வளவுதான்.

காபியும் கையுமாக அந்த மாடியில் உட்கார்ந்தோம்.

"ஏனப்பா, உள்ளே ஏதாவது புதிதாகச் செய்கிறார்களா? இல்லை, பழைய போனுக்கே வருஷா வருஷம் பாலிஷ் போடுகிறார்களா?" என்று கேட்டேன்.

மைத்துனன் வேலை பார்ப்பது வேறு கம்பெனியில். ஆகவே தைரியமாகப் பேசினான். "ரகசியமா மோட்டார் கார் பண்ணப் பார்த்தாங்க. பத்து வருஷப் பாடு! 2024 பிப்ரவரியிலே கை கழுவிட்டாங்க. அதே மாசம் விஷன் ப்ரோ கண்ணாடி வந்தது. 3,499 டாலர்! யார் வாங்குவாங்க? ஸிரியைப் புத்திசாலி ஆக்கறோம்னு 2024 ஜூன்லே சொன்னாங்க. 2025 மார்ச்சிலே, இன்னும் நாளாகும்னு சொல்லிட்டாங்க."

"ஒன்றுகூடவா உருப்படவில்லை?"

"2020-லே இன்டெல்லை விட்டுட்டு, மாக் கம்ப்யூட்டருக்குச் சொந்த சிப் போட்டாங்களே, அது பெரிய வேலை. சில ரகம் விசிறி கூட இல்லாமல் ஓடுது. ஆனா பெட்டி அதே பெட்டி. ஜனங்க கண்ணுக்கு என்ன தெரியும்?"

சாமர்த்தியசாலியான வக்கீல்தான், எந்தக் கட்சி என்பதுதான் விளங்கவில்லை. ஸிரி விஷயத்தில் கம்பெனியை நான் மன்னிப்பதாக இல்லை. செய்துவிட்டுச் சொல்லுகிறவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள், சொல்லிவிட்டு விழிக்கலாமா?

சாயங்காலம் வீடு திரும்பினோம். மகனோடு இருக்கும் என் மாமியாருக்குச் சில வருஷங்களாகக் காது மந்தம். காது மிஷின் என்ற பேச்சை எடுத்தால், "நான் என்ன கிழவியா?" என்று சீறுவார். டெலிபோனில் அவரிடம் க்ஷேமம் விசாரிப்பதற்குள் என் மனைவிக்குத் தொண்டை கட்டிவிடும். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

இப்போது அம்மாள் காதில் வெள்ளையாக இரண்டு குமிழ்கள்! பேரன் பாட்டுக் கேட்கிற அதே ஏர்பாட்ஸ் ப்ரோ. அந்த ரகம் 2022-ல் கடைக்கு வந்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அக்டோபரில், புதுக் கருவி எதுவும் வாங்காமலே, விற்ற குமிழ்களே காது மிஷினாகவும் வேலை செய்ய ஆரம்பித்தன. காது மந்தம் ரொம்ப முற்றாதவர்களுக்குத்தான். ஆனாலும் பேரன் போட்டுக்கொள்கிறதைப் பாட்டி போட்டுக்கொள்ள என்ன வெட்கம்? நான் மாடியில் உட்கார்ந்து தேடிய புதுமை இங்கே சமையலறையில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டின்போது மைத்துனன் பக்கம் குனிந்து, "இன்றைக்குக் காரம் கொஞ்சம் தூக்கல்" என்று கிசுகிசுத்தேன்.

"நாளைக்குக் குறைச்சுப் போடறேன், மாப்பிள்ளை!" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.