சிம்மக்கல்லிலிருந்து ஒரு மணி நேரம்: நஞ்சையா, கரிசலா?

விடிகாலையில் சிம்மக்கல் சந்திப்பில் நின்றால், மதுரை சோம்பல் முறிப்பதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் யானைக்கல், அதைத் தாண்டிக் கல்பாலம், அக்கரையில் கோரிப்பாளையம். பேச்சியம்மன் படித்துறை, திருமலைராயர் படித்துறை என்ற பெயர்கள், வைகையில் தண்ணீர் படியைத் தொட்டு ஓடிய காலத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து கீழமாசி வீதிப் பக்கம் நடந்தால் மொத்தப் பலசரக்குக் கடைகள். சாக்குகளில் சோளம், கம்பு, உளுந்து, குதிரைவாலி.

இந்தத் தானியங்களைப் பார்க்கும்போது நகரத்துக்காரர்கள் பலருக்கும் ஓர் ஆசை எட்டிப்பார்க்கும். ‘ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டால் என்ன?’ தாத்தா காலத்து நிலம் அக்கா கல்யாணத்துக்கோ, அண்ணன் படிப்புக்கோ போயிருக்கும். இப்போது ஓய்வூதியப் பணம் கைக்கு வந்ததும் அந்த மண் திரும்பக் கூப்பிடுகிறது. கூடவே, வாழ்நாள் சேமிப்பை ஒரே கையெழுத்தில் தொலைத்துவிடக் கூடாதே என்ற பயமும் வருகிறது.

சிம்மக்கல்லிலிருந்து இந்த ஆசைக்கு இரண்டு திசைகள் உண்டு. வடமேற்கே போனால் பச்சை. தென்மேற்கே போனால் கறுப்பு.

பச்சை: பெரியாறு கொடுத்த வரம்

வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் போகும் சாலையில் நகரம் முடிந்ததும் வயல்கள் தொடங்குகின்றன. சோழவந்தான் பக்கம் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் கண்ணை நிறைக்கும். சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இந்தப் பச்சைக்குக் காரணம் 1895. அந்த ஆண்டுதான் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகைக்கு வந்தது. 1959-ல் வைகை அணையும் சேர்ந்துகொண்டது.

நிலம் வாங்க வருபவர் இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல. ‘இது இருபோகமா, ஒருபோகமா?’ என்பதுதான். பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனப் பகுதி 45,041 ஏக்கர். அணையில் இருப்பு இருந்தால் ஜூன் மாதமே முதல் போகத்துக்குத் தண்ணீர் வரும். மேலூர், திருமங்கலம் பகுதிகளை உள்ளடக்கிய ஒருபோகப் பகுதி 1,05,002 ஏக்கர். அங்கே வழக்கமாக செப்டம்பர் வாக்கில்தான் மதகு திறக்கும். இருப்பு குறைந்தால் இந்தத் தேதிகள் தள்ளிப்போகும்.

அடுத்த கேள்வி, ‘வாய்க்காலில் தலைமடையா, கடைமடையா?’ ஒரே வாய்க்கால், ஒரே மண். ஆனால் கடைமடைக்காரர் வானத்தையும் பார்க்க வேண்டும், மேலே இருப்பவர் மடையை எப்போது அடைப்பார் என்றும் பார்க்க வேண்டும். நிலத்தை மார்கழியில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது ஆபத்து. மார்கழியில் எல்லா வயலும் அழகுதான். சித்திரையிலும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

கறுப்பு: மழையை நம்பிய மண்

திருமங்கலத்தைத் தாண்டி தே.கல்லுப்பட்டி, பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் போனால் காட்சி மாறுகிறது. மரங்கள் குறைந்து, வானம் பெரிதாகிறது. இது கரிசல் காடு. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி மழை விழுந்ததும் உப்பி, வெடிப்புகளை மூடிக்கொள்ளும். ஈரத்தில் நடந்தால் செருப்போடு மண்ணும் ஏறிவரும்.

இந்த மண்ணின் பலம் அதன் பிடிப்பில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் தரும். அதனால்தான் சோளம், கம்பு, குதிரைவாலி, மக்காச்சோளம், உளுந்து, பருத்தி எல்லாம் இங்கே மானாவாரியாகவே விளைகின்றன. கீழமாசி வீதிச் சாக்குகளில் பார்த்த தானியங்களின் சொந்தக்காரர்கள் இந்தக் காடுகள்தாம். விளைந்ததை விற்கத் திருமங்கலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் இருக்கிறது.

பலவீனமும் அதே பிடிப்பில்தான். மழை தவறினால் விதைத்ததே திரும்பாது. விடாமல் பெய்தால் தண்ணீர் வடியாமல் வேர் அழுகும். நஞ்சையைவிட ஏக்கர் விலை குறைவாகச் சொல்கிறார்களே என்று வாங்குபவர், இரண்டு வருடம் விளையாமல் போனாலும் தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

கறுப்பெல்லாம் ஒன்றல்ல

கறுப்பு மண் என்றாலே கொழுத்த மண் என்று பேச்சு உண்டு. கனடாவின் புல்வெளிச் சமவெளியிலும், உக்ரைனிலும் உள்ள கறுப்பு மண் உலகத்தின் கோதுமைக் களஞ்சியம். அங்கே கறுப்பு வந்தது பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல் மக்கியதால். நம் கரிசலின் கறுப்பு அப்படி வந்ததல்ல; இதில் மக்கு குறைவு. தொழு உரமும், ஆட்டுக்கிடையும், ஊடுபயிராகப் பயறும் இல்லாமல் கரிசல் நெடுநாள் கொடுக்காது. வாங்கும் முன் மண் பரிசோதனை செய்துவிட்டால் உப்பு, களர் பிரச்சினையும் தெரிந்துவிடும்.

கனடாவில் 1872-ல் வந்த சட்டம், குடியேறியவருக்கு 160 ஏக்கரைப் பத்து டாலர் கட்டணத்தில் கொடுத்தது. இங்கே நாம் சென்ட் கணக்கில் பேசுகிறோம். ஆனால் நிலத்தின் மீதான பிடிவாதம் எங்கும் ஒன்றுதான். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் வெளிநாட்டவர் 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வைத்துக்கொள்ள முடியாது. இந்தியாவிலும், வெளிநாடுவாழ் இந்தியர் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரைச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ‘பையன் அமெரிக்காவில் இருக்கிறான், அவன் பேரிலேயே முடித்துவிடலாம்’ என்ற திட்டம் இங்கேதான் முட்டி நிற்கும்.

கையெழுத்துக்கு முன்

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். அதனால்தான் ஏமாற்றுபவர்களும் அதிகம். பார்க்க வேண்டியவை சில:

• பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்று பேர் சொல்வதைவிட உண்மை சொல்லும். இவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பதும் அதில் தெரியும்.

• வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்கு. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். கல்யாணமாகிப் போன மகள்களும் வாரிசுகள்தாம்.

• பஞ்சமி நிலமா? 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் கொடுக்கப்பட்ட நிலம் அது. பிறர் வாங்கினால் செல்லாது. கோயில் நிலமும் அப்படித்தான் சிக்கல்.

• யார் உழுகிறார்? குத்தகைதாரருக்கு 1955-ம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பத்திரம் கைக்கு வந்தாலும் நிலம் கைக்கு வராது.

• பாதை எங்கே? அடுத்தவர் வரப்பில் நடந்துதான் போக வேண்டும் என்றால், நாளை டிராக்டர் எப்படி வரும்?

செலவுக் கணக்கில் முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். பத்து லட்ச ரூபாய் நிலத்துக்கு 90,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைகிறது. அம்மா பெயரில் வாங்கினால் அதே நிலத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு வேலை பாக்கி. பக்கத்து வயல்காரரிடம் உட்கார்ந்து பேசுவது. கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் இறங்கும், மயில் எவ்வளவு தின்னும், மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அவர் மனதில் இருக்கும். நாளை மடை திறக்கவும், ஆள் கூப்பிடவும் அவர்தான் துணை.

மாலையில் திரும்பும் பஸ் கல்பாலம் ஏறும்போது சிம்மக்கல் விளக்குகள் தெரியும். செருப்பின் அடியில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போவதா, அந்த மண்ணோடு உறவு வைத்துக்கொள்வதா என்பதை அன்று இரவே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பொறுத்திருந்து பார்க்கலாம். நிலம் எங்கும் ஓடிவிடாது.