பிறின்ரருக்கும் ஒரு விலாசம்

இந்த நாட்டில் வந்து இறங்கிய நாள் தொடக்கம் எங்களுடன் கூடவே வளர்வது பேப்பர்க் கட்டுத்தான். வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூடப் படிவம், வேலை அனுமதி என்று எதற்கும் இரண்டு பிரதி வேண்டும். நூலகத்தில் காசு கட்டி அச்சிடலாம். ஆனால் ஊரில் இருப்பவர்களின் பெயரும் விலாசமும் உள்ள தாள்களைப் பொது இயந்திரத்தில் விட்டெடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் ஒருவர் பாவித்த பிறின்ரர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினோம்.

அவசரத்துக்குக் காரணம் எங்கள் சித்தியின் மகன். கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு, ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தான். விசாரணைக்குரிய ஆவணங்கள், விசாரணைத் தினத்துக்கு 10 நாட்களுக்கு முன்னராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டும். சட்டத்தரணி அனுப்பிய மொழிபெயர்ப்புகளை அச்சிட்டு, வாசித்து, பிழை பார்த்து, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பிறின்ரர் மேலே றவுட்டருக்குப் பக்கத்தில். தம்பியின் கணனி கீழே. இடையில் வயர் இல்லை.

பாவித்த பிறின்ரர் வாங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அதன் பழைய அமைப்புகளை அழிப்பது. முன்னைய சொந்தக்காரரின் வைஃபை விபரம் அதற்குள் இருக்கும். அழித்தபின் பிறின்ரரின் சிறிய திரையிலேயே எங்கள் வைஃபையின் பெயரைத் தெரிந்து கடவுச்சொல்லைக் கொடுத்தோம். பல பிறின்ரர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்பவை. 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அவற்றின் கண்ணுக்கே தெரியாது.

கீழிருந்து தம்பி கூப்பிட்டான்: "அண்ணை, தேடித் தேடிப் பார்க்குது, ஒண்டும் வருகுதில்லை."

தானாகத் தேடிப் பிடிக்காவிட்டால் நாங்களே விலாசத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். வீட்டு வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் றவுட்டர் ஓர் இலக்கத்தைக் கொடுக்கும். அதுதான் ஐ.பி. விலாசம். பிறின்ரரின் மெனுவில் வலையமைப்பு விபரத்தை அச்சிடும்படி கேட்டால் ஒரு தாள் வரும். எங்கள் தாளில் 192.168.0.23 என்று இருந்தது. அந்த இடத்தில் 169.254 என்று தொடங்கினால், பிறின்ரருக்கு றவுட்டரிடமிருந்து விலாசம் கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் வைஃபையைச் சரிபார்க்க வேண்டும்.

விண்டோஸ் 11 கணனியில் 'செற்றிங்ஸ்' திறந்து, 'புளூரூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'பிறின்ரர்ஸ் அண்ட் ஸ்கானர்ஸ்', அங்கே 'அட் டிவைஸ்'. கணனி சிறிது நேரம் தேடியபின் கையால் சேர்க்கும் வழி கீழே தோன்றும். அதில் ஐ.பி. விலாசம் கொண்டு சேர்ப்பதைத் தெரிந்து, கருவி வகை 'ரி.சி.பி. ஐ.பி.' என்று கொடுத்து, இலக்கத்தை எழுத வேண்டும். புள்ளி ஒன்று தவறினாலும் போகாது. நாங்கள் சரியாகத்தான் எழுதினோம். அப்படியும் கருவி இல்லை என்றே பதில் வந்தது.

எங்கள் மகள் ஒரு வழி சொன்னாள். இணையம் பார்க்கும் பிறவுசரில் அந்த இலக்கத்தை எழுதினால் பிறின்ரரின் சொந்தப் பக்கம் திறக்கும். மேலே அவளுடைய போனில் திறந்தது. கீழே தம்பியின் கணனியில் திறக்கவில்லை. அப்படியானால் பிறின்ரரில் பிழையில்லை; வழியில்தான் பிழை. போய்ப் பார்த்தால், தம்பி வந்த அன்று நாங்கள் அவனுக்குக் கொடுத்தது விருந்தாளிகளுக்கான வைஃபை. அதில் இருப்பவர் இணையம் பார்க்கலாம். வீட்டுக் கருவிகளைத் தொட முடியாது. றவுட்டர் அப்படித்தான் பிரித்து வைக்கும்.

எங்களுக்குச் சற்று வெட்கமாகிவிட்டது. வந்து ஐந்து மாதம் ஒரே சட்டியில் சாப்பிட்டவனை வைஃபையில் மட்டும் விருந்தாளியாக வைத்திருந்திருக்கிறோம். "பரவாயில்லை அண்ணி, எனக்கு யூரியூப் வந்ததுதானே" என்று அவன் சிரித்தான். வீட்டு வைஃபைக்கு மாற்றியதும் அதே இலக்கம் வேலை செய்தது. பிறின்ரரை இயக்கும் டிறைவரைக் கணனியே தெரிந்து போட்டது. சோதனைத் தாள் வந்து விழுந்தபோது நேரம் இரவு ஒன்பது மணி.

ஆனால் சோதனை அதோடு முடியவில்லை. தாள்களைக் கொடுப்பதற்கு முதல்நாள் மாலை மின்சாரம் நின்று வந்தது. இரவு 62 பக்கங்களை அனுப்பினால் 'ஓஃப்லைன்' என்று நிற்கிறது. தம்பியின் முகம் சுண்டிப் போயிற்று. மீண்டும் விபரத் தாளை அச்சிட்டோம். 23 இல்லை, 31 என்று இருந்தது. றவுட்டர் விலாசத்தை இரவலாகத்தான் கொடுக்கிறது. மின்சாரம் நின்றபின் எங்கள் றவுட்டர் பழைய கணக்கை மறந்து, முதலில் கேட்ட மகளின் போனுக்கு 23ஐக் கொடுத்துவிட்டது. கணனியோ பிறின்ரர் என்று நினைத்துப் போனின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு இரண்டு வேலை செய்தோம். முதலாவது, றவுட்டரின் பக்கத்துக்குப் போய், பிறின்ரரின் மாக் இலக்கத்துக்கு 31ஐ நிரந்தரமாக ஒதுக்கினோம். மாக் என்பது ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே இடப்படும் 12 எழுத்து அடையாளம். அதே விபரத் தாளில் இருக்கும். இரண்டாவது, கணனியில் பிறின்ரரின் 'புறொப்பர்ரீஸ்' பகுதியில் 'போர்ட்ஸ்' என்ற இடத்தில் 23ஐ 31 ஆக்கினோம். அதன்பின் எத்தனை தடவை மின்சாரம் நின்றும் விலாசம் மாறவில்லை.

நள்ளிரவு தாண்டி 62 பக்கமும் வந்தது. தம்பி சாப்பாட்டு மேசையில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தான். 17ஆம் பக்கத்தில் நிறுத்தினான். அவன் தகப்பன் காணாமல் போன மாதம் மொழிபெயர்ப்பில் பிழையாக இருந்தது. போனின் சிறிய திரையில் இரண்டு தடவை பார்த்தும் கண்ணில் படாத பிழை. பேனாவால் வட்டமிட்டு வைத்தான். காலையில் சட்டத்தரணியின் அலுவலகத்தில் திருத்தி, உரிய நாளுக்குள் ஆவணங்கள் போய்ச் சேர்ந்தன.

1990களில் யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையை வாசித்தவர்கள் நாங்கள். ஒரு தாளின் அருமை எங்களுக்குத் தெரியாததல்ல. எனினும் அன்றிரவு அது இன்னொரு முறை விளங்கியது.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான். முக்கியமான தாளைத் திரையில் மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள். பிறின்ரர் வாங்கினால், அவசரம் வரும் முன்பே அதற்கொரு நிரந்தர விலாசம் கொடுத்து, விபரத் தாளை றவுட்டருக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். வீட்டில் யாராவது வந்து தங்கியிருந்தால், அவர் எந்த வைஃபையில் இருக்கிறார் என்றும் ஒருமுறை பாருங்கள்.