மூன்றாம் நாள் படம்

அனுப்பிய மறுநாள் காலையே கட்டுரை திரும்பி வந்துவிட்டது. புனேயில் ஒரு தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் நான்கரை ஆண்டுகளாக நெல் வேர்களை மெல்லிய வில்லைகளாக வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாணவி, இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில் ஒரு கணம் சந்தோஷப்பட்டார். பிறகுதான் மின்னஞ்சலைப் படித்தார். அறிவியலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வரிகளுக்கு எண் போடப்படவில்லை. சுருக்கம் 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும், 271 இருக்கிறது. மேற்கோள் பட்டியலில் இதழ்களின் பெயர்கள் முழுசாக இருக்கின்றன, சுருக்கித் தர வேண்டும். படங்களின் துல்லியம் போதாது. திருத்தி அனுப்பினால் பரிசீலிக்கப்படும்.

அதாவது, யாரும் இன்னும் படிக்கவில்லை.

இது இரண்டாவது இதழ். முதல் இதழ் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, 'எங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது' என்று கைகழுவியது. அந்த இதழில் மேற்கோள்களை ஆசிரியர் பெயர், ஆண்டு என்று அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். இந்த இதழுக்கு எண்கள் வேண்டும், அதுவும் வரிக்கு மேலே சிறிய எண்ணாக. அங்கே செய்முறை முன்னால், முடிவுகள் பின்னால். இங்கே செய்முறைக்குக் கடைசி இடம். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு சம்பந்தி வீட்டார் சொல்லும் சம்பிரதாயங்கள் மாதிரி.

மாணவிக்கு ஊர் விருதுநகர் பக்கம். அப்பா மின் வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆராய்ச்சி உதவித்தொகை ஐந்தாண்டுக்குத்தான்; இன்னும் ஆறு மாதம் பாக்கி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எடுத்துவிட்டது உண்மை. ஆனால் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முதல் கேள்வி, 'எத்தனை கட்டுரை?' என்பதுதான். அதை எந்த அரசாணையும் எடுக்கவில்லை.

கண்டுபிடிப்பு என்னவோ சுவாரசியமானது. கொங்கண் கடற்கரையில் கடல்நீர் ஏறும் உவர் நிலங்களில் விவசாயிகள் தலைமுறைகளாகப் பயிரிடும் நெல் வகைகள் உண்டு. உப்பு தாக்கும்போது நெல் தன் வேருக்குள் தக்கை போன்ற ஒரு படலத்தைப் படியவிட்டு, உப்பு மேலே ஏறாமல் தடுக்கப் பார்க்கும். உள்ளூர் நெல்லில் அந்தப் படலம் மூன்றே நாளில் தயாராகிவிடுகிறது என்பதுதான் கட்டுரையின் சாரம். தலைப்பிலேயே 'மூன்றே நாளில்' என்று இருந்தது. அந்தச் சொல்லைச் சேர்த்தவர் கைடு. ஆசிரியர் குழுவின் கண்ணில் படட்டும் என்பது அவர் எண்ணம்.

இனி வந்தது காற்புள்ளிப் படலம். இரட்டை இடைவெளி விட்டு அச்சிட வேண்டும் என்கிறது ஒரு விதி. தட்டச்சு இயந்திரக் காலத்தில் பிழை திருத்துபவர் வரிகளுக்கு நடுவே பேனாவால் எழுத இடம் வேண்டியிருந்தது. இன்று திருத்தம் முழுக்கத் திரையில் நடக்கிறது, இடைவெளி மட்டும் போகவில்லை. படங்களைக் கடைசியில் தனியே வைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். அன்று படத்துக்குத் தனியாக பிளாக் செய்தார்கள். இன்று மதிப்பீட்டாளர் ஏழாம் பக்கத்தில் படிப்பதைச் சரிபார்க்க முப்பதாம் பக்கத்துக்கு ஓடி வருகிறார்.

இந்தக் குழப்பத்தை நேராக்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1978இல் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, எல்லா இதழ்களுக்கும் பொதுவான ஒரு வடிவத்தைப் பேசி முடித்தார்கள். மறு ஆண்டு அது வெளியானது. எண் போட்டு மேற்கோள் தரும் முறைக்கு இன்றும் வான்கூவர் முறை என்றுதான் பெயர். ஆனால் மற்ற துறைகள் தங்கள் வழியில் போயின. மேற்கோள்களைத் தானாக அடுக்கித் தரும் கணினி நிரல்களுக்காகத் தொகுக்கப்பட்டிருக்கும் பொதுப் பட்டியலில் இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாணிகள் உள்ளன. எங்கே முற்றுப்புள்ளி, எங்கே சாய்வெழுத்து என்பதில் மனித குலம் இத்தனை விதமாக மாறுபட முடியும் என்பதே ஆச்சரியம்.

இதற்கு என்ன விலை என்று கனடாவிலிருந்து ஒரு குழு கணக்கெடுத்து 2019இல் வெளியிட்டது. 41 நாடுகளைச் சேர்ந்த 372 பேரிடம் கேட்டார்கள். ஒரு கட்டுரையை வடிவமைக்க மட்டும் சராசரியாளர் ஒருவருக்கு 14 மணி நேரம் போகிறது. ஆண்டுக்கு 52 மணி. ஆராய்ச்சி செய்ய, எழுத ஆகும் நேரம் இதில் சேராது. சில இதழ்கள் மனமிரங்கி, 2010களிலிருந்து முதல் சமர்ப்பிப்புக்கு எந்த வடிவமும் போதும், ஏற்றுக்கொண்ட பிறகு எங்கள் முறைக்கு மாற்றினால் சரி என்கின்றன. மாணவி தேர்ந்தெடுத்த இதழ் அந்த ரகமல்ல.

வடிவமே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து சத்யேந்திர நாத் போஸ் தன் சிறிய கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து அதே ஆண்டு வெளியிட வைத்தார். வரி எண் கேட்கவில்லை. ஆய்வு மாணவர்கள் அலுத்துக்கொள்ளும்போது சொல்லிக் காட்டும் கதை இது. ஆனால் 1911இல் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னையில் நிலையான வேலை இல்லாமல் இருந்த ராமானுஜன், பெர்னூலி எண்கள் பற்றிய தன் முதல் கட்டுரையை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு அனுப்பினார். பெங்களூரில் இருந்த ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் ஒரு தடவைக்கு மேல் அதைத் திருப்பி அனுப்பினார். ராமானுஜன் படிகளைத் தாண்டித் தாண்டிப் போனார். பின்னால் வரும் வாசகனுக்குப் பிடிமானம் இல்லை. ஐயங்கார் கேட்டது காற்புள்ளி அல்ல, படிக்கட்டு.

இரண்டும் ஒரே விதிமுறைப் பட்டியலில் ஒரே எழுத்தளவில் அடுத்தடுத்து வருவதுதான் இன்றைய கஷ்டம். 'நுண்ணோக்கிப் படம் ஒவ்வொன்றிலும் அளவுகோடு இருக்க வேண்டும்' என்பது அறிவியல். 'இதழின் பெயருக்குப் பின் புள்ளி கூடாது' என்பது வீட்டு வழக்கம். இருபத்தேழு வயது மாணவிக்கு எது எது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? இரண்டையும் ஒரே பயபக்தியோடு, அல்லது ஒரே எரிச்சலோடு, செய்து முடிக்கிறார். பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடைகள் பணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்து தருகின்றன. எரிச்சல் உள்ளவர்கள் அங்கே போகிறார்கள். அளவுகோட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

சமர்ப்பிப்புப் படிவத்தில் இன்னொரு முள். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. மாணவிக்கு ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான் உண்டு. பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். கட்டுரையிலும் அப்படியே போட்டால், உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படப்போவது அப்பாவின் பெயர். தமிழர்களுக்கு இது புதிதல்ல. 2009இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கட்டுரைகள் ராமகிருஷ்ணன் என்றே அறியப்படுகின்றன. அது அவர் தந்தையின் பெயர். எம்.எஸ். சுவாமிநாதனோ இனிஷியல்களை முன்னால் நிறுத்தித் தன் சொந்தப் பெயரிலேயே அறியப்பட்டார். இரண்டுக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. ஆனால் முதல் கட்டுரையில் எதைப் போடுகிறோமோ அதுதான் ஆயுள் முழுவதும்.

ராத்திரி ஊருக்கு போன் போட்டுக் கேட்டார்.

"உன் பேரையே போடும்மா. நான் என்ன ஆராய்ச்சி செஞ்சேன்?" என்றார் அப்பா.

"அது முடியாதுப்பா. பாஸ்போர்ட்ல உங்க பேருதான் கடைசில இருக்கு."

"அப்ப ரெண்டையும் போடு. எது முன்னாடின்னு கேக்கறவங்ககிட்ட நீ சொல்லிக்கோ."

அவர் சொன்னபடியே நடந்தது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் மாணவியின் சொந்தப் பெயர், முதல் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர். எல்லா ஆவணங்களோடும் முட்டும்தான். ஆய்வாளர்களுக்கு 2012 முதல் தரப்படும் பதினாறு இலக்க ஆர்க்கிட் எண் இந்த மாதிரிச் சிக்கலுக்கென்றே வந்தது என்பது ஒரு ஆறுதல். எண்ணுக்கு இனிஷியல் கிடையாது.

கடைசியாக மிஞ்சியது படங்கள். இதழ் கேட்டது அங்குலத்துக்கு 300 புள்ளித் துல்லியம். கட்டுரையில் இருந்தவையோ, எப்போதோ ஒரு கருத்தரங்குக்காக பவர்பாயின்டில் ஒட்டி, அங்கிருந்து நறுக்கி எடுத்தவை. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நுண்ணோக்கியிலிருந்து வந்த மூலக் கோப்புகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் மறுபடி செய்தாக வேண்டும். மாணவி அலுத்துக்கொண்டே உட்கார்ந்தார். இரவு பதினொரு மணிவாக்கில் மூன்றாம் படத்துக்கு வந்தார்.

அதில் நான்கு சதுரங்கள். மேலே சாதாரண நெல், கீழே கொங்கண் நெல். இடப்பக்கம் மூன்றாம் நாள், வலப்பக்கம் ஏழாம் நாள். ஒளிரும் சாயத்தில் படலம் மஞ்சள் வளையமாகத் தெரியும். கீழே இடப்பக்கச் சதுரம்தான் கட்டுரையின் உயிர். அதன் மூலக் கோப்பை மூன்றாம் நாள் உறைக்குள் தேடினார், இல்லை. அந்த மாதிரி வளையமே அங்கே எந்தப் படத்திலும் இல்லை. கடைசியில் கிடைத்தது ஏழாம் நாள் உறையில். எண்ணிக்கை அட்டவணையைத் திறந்து பார்த்தால், மூன்று முறை செய்த சோதனையில் ஒரு முறைக்கான மூன்றாம் நாள் கணக்கும் அதே தவறான உறையிலிருந்து எடுத்ததுதான். ஏமாற்று எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு இரவு, தூக்கக் கலக்கத்தில், 3க்குப் பதில் 7.

காலையில் கைடு வந்ததும் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். அவர்கள் பேசிக்கொண்டது இந்தியும் ஆங்கிலமும் கலந்து. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"மேடம், இந்தப் படம் மூன்றாம் நாள் படம் இல்லை."

கைடு வெகு நேரம் பார்த்தார். அன்று மாலை அனுப்புவதாக இருந்தது. திட்டத்துக்குப் பணம் தந்த துறைக்கு மாத முடிவில் அறிக்கை போக வேண்டும். அதில் இந்தக் கட்டுரை 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி தேவை.

"வேறு யாருக்காவது தெரியுமா?"

"இல்லை மேடம்."

கேட்ட கேள்விக்குத் தானே வெட்கப்பட்டவர் போல கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லா எண்ணிக்கையையும் முதலிலிருந்து எடு. நீ எண்ணாதே. எந்தப் படம் எந்த நாள் என்று தெரியாத யாரையாவது எண்ணச் சொல்."

படங்கள் விஷயத்தில் கெடுபிடி ஏன் வந்தது என்பதற்குத் தனி வரலாறு உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் உயிரணு உயிரியல் இதழ் ஒன்று, ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களில் கைவேலை இருக்கிறதா என்று 2002இலேயே சோதிக்கத் தொடங்கியது. இன்று பல இதழ்கள் மூலக் கோப்புகளையே கேட்கின்றன. எண்களின் கதையும் இதே மாதிரிதான். செப்ட்1, மார்ச்1 என்று சுருக்கப் பெயருள்ள மனித மரபணுக்களை எக்செல் அட்டவணை தேதியாக்கிவிடும், செப்டம்பர் 1, மார்ச் 1 என்று. எத்தனையோ கட்டுரைகள் இந்தப் பிழையோடு அச்சேறின. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மென்பொருளைவிட மரபணு வளைந்துகொடுக்கிறது!

மறுபடி எண்ணி முடிக்கப் பதினொரு நாள் ஆனது. முதலாமாண்டு மாணவன் ஒருவன், எந்தப் படம் எது என்று தெரியாமல் எண்ணிக் கொடுத்தான். கொங்கண் நெல் அப்போதும் முந்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மூன்று நாளில் பாதி வளையம்தான். முழு வளையம் ஏழு நாளில். தலைப்பிலிருந்து 'மூன்றே நாளில்' போய் 'ஒரு வாரத்துக்குள்' வந்தது. துறைக்குப் போன அறிக்கையில் 'தயாரிப்பில் உள்ளது' என்று எழுதினார் கைடு. புதிய சுருக்கம் 248 சொற்களில் அடங்கியது. அடக்கமான முடிவுக்குச் சொற்கள் குறைவாகத்தான் வேண்டியிருக்கும் போல.

மதிப்பீட்டாளர்கள் இருவர். ஒருவர் நான்கு பக்கம் எழுதினார், மற்றவர் ஆறு வரி. இரண்டு சுற்றுத் திருத்தத்துக்குப் பின் ஏற்பு வந்தபோது உதவித்தொகை தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பத்து நாளில் அச்சுப்படி வந்தது. இரட்டை இடைவெளி, வரி எண், எழுத்தளவு, ஓரம் — இரவுகள் விழித்துச் செய்த அலங்காரம் எதுவும் அதில் இல்லை. அத்தனையையும் கலைத்துவிட்டு, இதழின் சொந்த அமைப்பில் இரண்டு பத்தியாகப் புதிதாகக் கோத்திருந்தார்கள். மேற்கோள் பட்டியலையும் தங்கள் நிரலில் போட்டு மறுபடி அடுக்கியிருந்தார்கள். இதழ் ஐரோப்பாவிலிருந்து வருவது. அச்சுப்படியோடு வந்த மின்னஞ்சலின் அடியில் இருந்ததோ சென்னை முகவரி. உலகத்தின் அறிவியல் இதழ்களில் கணிசமானவை சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் பக்கம் கோக்கப்படுகின்றன என்பது வெளியில் அதிகம் தெரியாத செய்தி. 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று ஒரு கேள்விப் பட்டியலும் இணைந்திருந்தது.

முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான்: ஆசிரியரின் சொந்தப் பெயர் எது, குடும்பப் பெயர் எது, உறுதிசெய்யவும். எல்லாக் கட்டுரைக்கும் கேட்கும் வாடிக்கைக் கேள்வி. ஆனாலும் கேட்டவருக்கும் ஒரு இனிஷியல் இருக்கக்கூடும் என்ற நினைப்பில் மாணவி சிரித்துக்கொண்டார். அடுத்தடுத்த கேள்விகளும் லேசானவை: ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் இல்லை, ஒரு சுருக்கச் சொல்லுக்கு விரிவு வேண்டும்.

ஏழாவது கேள்வியில் விரல் நின்றது. 'இரண்டாம் அட்டவணையில் செடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் 46 வருகிறது. ஒன்பதாம் பக்கத்தில் 48 என்று உள்ளது. எது சரி?'

கைடு பார்த்திருக்கிறார். மதிப்பீட்டாளர் இருவர் இரண்டு சுற்றுப் பார்த்திருக்கிறார்கள். மாணவி எத்தனை தடவை பார்த்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. கூட்டிப் பார்த்தது சென்னையில் எங்கோ உட்கார்ந்திருக்கும், கட்டுரையில் பெயர் வராத ஒருவர்.

அலமாரியிலிருந்து லேப் நோட்டை எடுத்து அந்த வாரத்தின் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு செடிகள் வாடிவிட்டன என்று ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது. 46 சரி.