பழுதை மேலே வைத்துக் கட்டுதல்

அம்மாவின் இத்தா முடிந்த பின்னரே, அத்தா விட்டுச் சென்றவற்றைப் பங்கிடும் பேச்சை எடுத்தோம். வீடும் நிலமும் சிக்கல் தரவில்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகளுக்கு ஒன்றென்றால் மகனுக்கு இரண்டு. நாற்பது பங்காக்கியபோது அம்மாவுக்கு 5, எங்களில் ஆண்கள் இருவருக்கும் தலா 14, அக்காவுக்கு 7 எனக் கணக்கு மிச்சமின்றி வந்தது. கொட்டகையில் நின்ற பழைய ஆஸ்டின் காரை மட்டும் நாற்பதாக வெட்ட இயலாது. விற்றுத் தொகையைப் பிரிப்பதென்று முடிவாயிற்று.

அது ஏ40 வகை. 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை எண்ணூரில் பொருத்தி ஆஸ்டின் கார்களை வெளியிட்டது. 1955இல் அந்நிறுவனமே அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிற்று. எங்கள் பாட்டனார் 1961இல் இரண்டாம் கையாக அதை வாங்கினார். திண்டுக்கல்லில் அவருக்குத் தோல் ஷாப் இருந்தது. பதனிட்ட தோல்களின் மாதிரிகளைப் பின்னிருக்கையில் அடுக்கிக்கொண்டு சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குப் போய் வருவாராம். பட்டைச் சாற்றின் துவர்ப்பு வாசனை அந்த வண்டியை விட்டு முழுமையாக நீங்கியதேயில்லை.

கோவையிலிருந்து வந்து பார்த்தவர் பழைய வண்டிகளைச் சேர்ப்பவர். எஞ்சினைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இருக்கைகள் கார் பிறந்த நாளில் இருந்த அசல் தோலாய் இருந்து, உட்காரத்தக்க நிலையிலும் இருந்தால், விலை கணிசமாகக் கூடும் என்றார். ஒரு மாதத் தவணை கொடுத்துச் சென்றார்.

பேகம்பூரில் குஷன் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் இருக்கைகளைக் கழற்றி முற்றத்தில் வைத்து, முதலில் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். துணி நெசவு தெரிந்தால் ரெக்ஸின். பஞ்சுபோல் நார் எழுந்து நின்றால் தோல். உட்காரும் பரப்பு மட்டும் தோலாகவும், பக்கவாட்டும் முதுகுப்புறமும் தோல்போன்ற துணியாகவும் இருந்தன. அக்காலத்து ஆங்கிலக் கார்கள் பலவற்றில் சிக்கனத்துக்காக அப்படித்தான் செய்தார்கள். பின்னிருக்கைத் தோல் வறண்டு வெடித்திருந்தாலும் உள்ளுக்குள் உறுதியாய் இருந்தது. முன்னிருக்கையில் ஓட்டுநர் பக்கத்தை விரலால் தேய்த்தார். செங்கல்தூள் போல் விரலில் ஒட்டியது.

அந்தத் தூள் எதுவென்று தோல் வியாபாரக் குடும்பத்துக்கு விளக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோலை வெப்பமும் ஈரமும் காற்றிலுள்ள கந்தகப் புகையும் ஆண்டுக்கணக்கில் அரித்தால், நார்கள் அறுபட்டு இப்படிச் செந்தூளாய் உதிரும். அதை மீட்க மருந்து கிடையாது. எண்ணெய் தடவினால் கறுத்துப்போய் இன்னும் விரைவாகக் கெடும். ஓட்டுநர் பக்கத்துத் தோல் இங்கிலாந்திலிருந்து வந்ததும் அன்று. 1974இல் அசல் கிழிந்தபோது பாட்டனார் தம் ஷாப்பில் பதனிட்ட தோலையே வெட்டித் தைக்கச் செய்திருந்தார். கெட்டுப்போனது எங்கள் வீட்டுத் தோல். தாங்கி நின்றது வெளியூர்த் தோல். வெயில் விழுந்த பக்கமும் அதுவே, அதிகம் தேய்ந்த பக்கமும் அதுவே என்று தம்பி சமாதானம் சொன்னான். ஓரளவு உண்மைதான்.

மச்சான் ஒரு வழி சொன்னார். வெடிப்புகளில் ரப்பர் போன்ற நிரப்புப் பசையைப் பூசி, மணல் தாளால் தேய்த்து, மேலே நிறமும் மெருகும் தெளித்தால் முன்னும் பின்னும் ஒரே தோலாகத் தெரியும். 1974 கதை யாருக்குத் தெரியும்? குஷன் கடைப் பெரியவர் அதை மறுக்கவில்லை. "செஞ்சு தரலாம் பாய். ஒரு கோடை தாங்கும்" என்று மட்டும் சொன்னார். அவர் தொழிலில் அது பொய்யும் அன்று. நிரப்புவதும் நிறமிடுவதும் அவர் அன்றாடம் செய்யும் வேலை. பழுது பார்ப்பதற்கும் பழுதை மறைப்பதற்கும் பசை ஒன்றே, தூரிகையும் ஒன்றே. அதனால்தான் எங்களுக்குள் பேச்சு இரண்டு இரவுகள் நீண்டது. வாங்குபவர் வசதியானவர்; எங்களில் ஒருவருக்கோ மகளின் திருமணக் கடன் இருந்தது. விலைக் குறைவு நாற்பது பங்கிலும் விழும் என்பதால், ஒருவர் தம் மனச்சாட்சிக்காக மற்றவர் பங்கைக் குறைக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அது அற்பமான கேள்வி அன்று.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதையும், மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியிடம் கேட்டதையும் முஸ்லிம் நூலின் ஹதீஸில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். எங்கள் வீட்டில் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அம்மா வேறொன்றைச் சொன்னார். "உங்க அத்தா ஓட்டைத் தோலக் கட்டுக்கு நடுவுல வைக்க மாட்டாங்க. மேல வச்சுத்தான் கட்டுவாங்க. பெரியமேட்டுல அவங்க கட்ட யாரும் பிரிச்சுப் பாக்குறதில்ல." கத்திக் கீறலும் உண்ணிக் குறியும் உள்ள தோலை உள்ளே திணித்து, நல்லதை மேலும் கீழும் வைத்துக் கட்டுவது அந்த வணிகத்தில் அறியாத செய்தி அன்று. அத்தா சரக்கைத் தலைகீழாகக் கட்டினார். மச்சான் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேலை பதினெட்டு நாள் பிடித்தது. பின்னிருக்கையை மென்மையான சோப்பு நுரையும் மிருதுவான பிரஷும் கொண்டு, நீர் ஊறாதபடி சிறுசிறு பகுதியாகத் துடைத்தோம். துணி முதலில் கறுத்தது, பிறகு பழுத்தது, மூன்றாம் நாள்தான் வெளுப்பாக வந்தது. வெயிலில் உலர்த்தாமல் நிழலில் விட்டோம். நம் வீடுகளில் தோல் என்றாலே தேங்காய் எண்ணெய் எடுப்பார்கள். அது தோலில் தங்கிச் சிக்கடித்துத் தூசியைப் பிடிக்கும், தையல் நூலையும் கெடுக்கும். அதற்கென விற்கும் பாலேட்டை மெல்லிய பூச்சாக, இடைவெளி விட்டு நான்கு முறை தடவினோம். கிழிசல்களின் அடியில் கித்தான் ஒட்டுகளைச் செருகி, வளையும் பசையால் ஒட்டினார் பெரியவர். அறுந்த தையலைப் பழைய துளைகளிலேயே கையால் கோத்தார். புதுத் துளை போட்டால், வரிசையாய்த் துளையிட்ட தாள்போல் தோல் அங்கே கிழிந்துவிடும் என்றார். வெடிப்புகளில் ஆழமானவற்றை மட்டும் நிரப்பினோம். மயிர்க்கோடுகளை அப்படியே விட்டோம். அறுபது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்த இருக்கையில் சுருக்கம் இருப்பதே அழகு என்பது எங்கள் எண்ணம்.

ஓட்டுநர் பக்கத் தோலை அகற்றிவிட்டு, ஆம்பூரிலிருந்து வரவழைத்த மாட்டுத்தோலைத் தைத்தோம். இடையில் அக்காவின் மகன், அறுத்த முறை தெரியாத ஆங்கில மாட்டின் தோல் தூய்மையானதா என்று கேட்டான். பதனிட்டால் தூய்மையாகிவிடும் என்று பள்ளிவாசல் இமாம் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸைச் சொல்லி முடித்துவிட்டார். பாலாற்றுக்குத் தோல் தொழில் செய்ததை 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதிற்று. அந்தத் தூய்மையைப் பற்றியும் அவன் ஒருநாள் கேட்க வேண்டும்.

வாங்குபவர் வந்த நாளில் ஒரு தாளை அவர் கையில் கொடுத்தோம். பின்னிருக்கை அசல், ஏழு இடங்களில் உள்ளொட்டு. முன்னிருக்கையில் ஓட்டுநர் பக்கம் புதிது, அதற்கு முன் இருந்ததும் அசல் அன்று, திண்டுக்கல் தோல், 1974. இடப்பக்கம் அசல், மேல்தையல் புதிது. அவர் இருமுறை படித்தார். தாம் முதலில் சொன்ன விலை இதற்கு ஆகாது என்றார். குறைத்த தொகையை ஏற்றோம். அகற்றிய பழைய தோல் இருக்கிறதா என்று கேட்டார். சாக்கில் கட்டி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினோம், பெரும்பகுதி தூளாகியிருந்தது. தையல் ஓரத்தில் உறுதியாய் நின்ற ஒரு சாண் துண்டை மட்டும், வண்டியின் காகிதங்களோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

கிளம்பும் முன் இனி எப்படிப் பராமரிப்பது என்று கேட்டார். மூடிய காரை வெயிலில் நிறுத்த வேண்டாம், ஆண்டுக்கு இருமுறை பாலேடு போதும், என்ன ஆனாலும் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றோம்.