விடுதலைப் பத்திரம்: யாருக்கு விடுதலை?

இந்த முறை கொஞ்சம் சட்டம். பி.காம் படிக்கிற பையனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். எங்களுக்கும் 'பிசினஸ் லா' என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் பெரும்பகுதி 1872ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம்தான். (மீதியை யாரும் படிப்பதில்லை, சாய்ஸில் விட்டுவிடுவோம் :-))

எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரம் வெளியூர்க்காரர்களுக்குச் சூரியகாந்தியால்தான் தெரியும். குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள் அப்படியே தென்காசி வழியாக இங்கே வந்து, வயலுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வயல் யார் பெயரில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தேவையில்லாத விஷயம். ஊருக்குள் அதுதான் முக்கால்வாசிப் பேச்சு. வயலைப் பிரிக்கிற நேரம் வந்தால், கல்யாணமாகிப் போன பெண்களைக் கூப்பிட்டு, சார்பதிவாளர் ஆபீஸில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம்.

இப்போது எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. கையெழுத்துப் போடவேண்டியவர் என் அத்தை. வாங்கப்போகிறவர் என் அப்பா. (அவர் இன்டர்நெட் பக்கம் வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.) அத்தை என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நான் கையெழுத்துப் போட்டுட்டா, பொறவு ஒண்ணுமே கேக்க முடியாதாடே?"

பாதிதான் அப்படி என்று சொன்னேன். அந்தப் பாதி எது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் சுலபமான விஷயம். கடன் பாக்கியை விட்டுக்கொடுப்பது. ஒப்பந்தச் சட்டம் 63வது பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது: 5,000 ரூபாய் வரவேண்டியவர், 2,000 போதும், கணக்கு முடிந்தது என்று வாங்கிக்கொண்டால் மொத்தக் கடனும் தீர்ந்தது. மீதி 3,000க்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று சட்டம் கேட்பதில்லை. இங்கிலாந்தில் கேட்டார்கள். 1884ல் ஃபோக்ஸ் என்ற டாக்டர், பீர் என்ற அம்மாளுக்குத் தரவேண்டிய கடனைத் தவணையில் கட்டினார். முழுதும் கட்டினால் மேல் நடவடிக்கை எடுக்கமாட்டேன் என்று அந்த அம்மாள் எழுதியே கொடுத்திருந்தார். கடைசியில் வட்டி கேட்டு வழக்குப் போட்டு, ஜெயித்தும்விட்டார்! விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்பது காரணம். கிளாஸில் இதற்கு 'மறுபயன்' என்று பெயர். பத்திரம் எழுதுகிறவர்கள் 'பிரதிபிரயோஜனம்' என்பார்கள், அதை வாயில் நுழைய வைப்பதற்குள் பத்திரமே எழுதிவிடலாம்.

நிலம் கடன் மாதிரி இல்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விடுவதாக எழுதினால், 1908ம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின் 17வது பிரிவுப்படி அதைப் பதிவு செய்தே ஆகவேண்டும். அதனால் 20 ரூபாய் முத்திரைத்தாளில் வீட்டுத் திண்ணையில் வாங்கிய கையெழுத்து நிலத்தைக் கைமாற்றாது. அதைவிட முக்கியம், "உனக்குத்தான் 30 பவுன் போட்டாச்சே" என்ற வசனமும் மாற்றாது. நகை போட்டது வேறு, பங்கை எழுதிக்கொடுத்தது வேறு.

பதிவு செய்துவிட்டால் பணமே வாங்காமல் கொடுத்தாலும் செல்லுமா? நெருங்கிய உறவுக்குள் பாசத்தினால் எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் மறுபயன் இல்லாமலும் செல்லும், 25வது பிரிவு. தலைப்பில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதும் பெரிய விஷயமில்லை. குப்புசாமி செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: விடுதலைப் பத்திரம் என்று பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கிற வார்த்தைகள் சொத்தை மாற்றிக்கொடுக்கும் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டினால், அது சொத்தை மாற்றும் பத்திரமாகவே வேலை செய்யும்.

இனிமேல்தான் எங்கள் வீட்டுக் கதை. தாத்தா இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். வயல் அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கியது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு (தமிழ்நாட்டில் 1989 சட்டம், நாடு முழுக்க 2005 திருத்தம், 2020ல் வினீதா சர்மா தீர்ப்பு, அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்). சுயசம்பாத்தியம் என்றால் தாத்தா இருக்கும்வரை அத்தைக்கும் ஒன்றுமில்லை, அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. அவர் உயில் எழுதாமல் போனால்தான் பிள்ளைகளுக்குச் சமபங்கு. அப்படியானால் இன்றைக்கு அத்தை எதை விடுதலை செய்வார்? நாளைக்கு வரலாம் என்ற எதிர்பார்ப்பை. சொத்து மாற்றுச் சட்டம் 6(அ) பிரிவு, அப்படிப்பட்ட வெறும் எதிர்பார்ப்பை யாருக்கும் மாற்றிக்கொடுக்க முடியாது என்கிறது.

அப்பாடா, கையெழுத்தே செல்லாது என்று நானும் நினைத்தேன். அங்கேதான் 2023 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறுக்கே வருகிறது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். 1975ல் ஒரு மகன், அப்பா உயிரோடு இருக்கும்போதே, பணம் பெற்றுக்கொண்டு சொத்தில் இனி உரிமை கேட்கமாட்டேன் என்று விடுதலை எழுதிக்கொடுத்தார். அப்பாவுக்கு முன்பே அந்த மகன் இறந்துபோனார். பல வருடம் கழித்து அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்டு வந்தார்கள். எதிர்பார்ப்பை மாற்ற முடியாது என்பதை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனாலும் பணத்தை வாங்கிக்கொண்டு பேச்சு மாறக்கூடாது, பிள்ளைகளும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்று தள்ளுபடி செய்துவிட்டது. வக்கீல்கள் இதை எஸ்டாப்பல் என்பார்கள்.

அதாவது, பத்திரமாகப் பார்த்தால் செல்லாத ஒன்று, வாங்கிய பணத்தால் ஆளைக் கட்டிப்போட்டுவிட்டது. 'ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு' என்று எல்லா விடுதலைப் பத்திரத்திலும் வழக்கமாக வருகிற வரி இருக்கிறதே, அதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. பணம் கைக்கு வராமலே அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வரவில்லை என்று பின்னால் சாட்சி சொல்லச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் சொந்தக் கையெழுத்துக்கு எதிராக நின்று சொல்லவேண்டும்.

கட்டாயப்படுத்தினால்? ஏமாற்றினால்? அப்படி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்யலாம். லோனுக்கு ஜாமீன் என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் அது மோசடி. ஆனால் எனக்குப் பங்கு உண்டு என்றே தெரியாது, சட்டம் தெரியாமல் போட்டுவிட்டேன் என்பது எடுபடாது. 21வது பிரிவு நேராகவே சொல்கிறது, இந்தியச் சட்டத்தைப் பற்றிய தவறான எண்ணம் ஒப்பந்தத்தை உடைக்காது. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. எங்கள் பக்கம் எத்தனை அத்தைகளுக்கு 2005 திருத்தம் பற்றித் தெரியும்?

இன்சூரன்ஸ் கம்பெனிகள் விஷயத்தில் நீதிமன்றம் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது. 2008ல் போகாரா பாலிஃபேப் வழக்கு. முழுப் பைசலாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் செக் என்று பணத்தை நிறுத்திவைத்து வாங்கிய வவுச்சர், மிச்சத்தைக் கேட்கும் வழியை அடைத்துவிடாது என்றார்கள். 2014ல் இன்னொரு வழக்கில், நெருக்கடியில் போட்டேன் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது என்றும் சொல்லிவிட்டார்கள். அண்ணன் தங்கைக்குள் இது இன்னும் கஷ்டம். "இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்று சொன்னதற்கு எங்கே சாட்சி தேடுவது?

அத்தையிடம் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறேன். தாத்தா இருக்கும்வரை அவசரமே இல்லை. எழுதித்தான் தருவதென்றால் தொகை எவ்வளவோ அதைப் பத்திரத்தில் எழுதி, பேங்க் வழியாக வாங்கவேண்டும். படித்துப் பார்த்தேன் என்ற வரி வருவதற்கு முன்னால் உண்மையிலேயே படிக்கவேண்டும், வேண்டுமானால் நான் கூடவந்து வாசித்துக் காட்டுகிறேன். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு: ரத்து செய்யவேண்டிய காரணம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. 1963 காலவரையறைச் சட்டம், 59வது இனம். வில்லங்கச் சான்றை டிஎன்ரெஜிநெட் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், சர்வே நம்பர் மட்டும் கையில் இருக்கட்டும்.