கோணமலைக் கடலும் ஈயத்தின் நிறையும்

திருக்கோணமலைக்கு யாத்திரை செல்வோர் கோணேசப் பெருமானை வணங்கியபின், இராவணன் வெட்டின் அருகே நின்று கீழே விரிந்து கிடக்கும் கடலைக் கண்டு களிப்பது வழக்கம். ஏறக்குறைய 400 அடி உயரமுள்ள அம்மலையின் அடிவாரத்தில் நீர் பச்சை நிறமாய்த் தோன்றும். சற்று அப்பாலே நீலமாகும். அதற்கும் அப்பால் கருநீலமாய் மாறும். நிற மாற்றத்தின் அழகைக் கண்டு வியப்போர் பலர். அதன் காரணத்தை எண்ணுவோர் சிலரே.

அந்தக் கருமை ஆழத்தின் கருமையாகும். மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவின் அடியிலே பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகின்றது. துறைமுக வாயிலுக்கு அண்மையில் தொடங்கும் அது, கடலுள் செல்லச் செல்ல ஆழ்ந்து, 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை அடைகின்றது. நம் நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலவின் உயரம் 2,524 மீற்றர். அம்மலையைப் பெயர்த்து இப்பள்ளத்தின் ஆழமான பகுதியில் இறக்கி வைத்தாலும், அதன் சிகரம் நீருக்குள் மறைந்துபோகும். பெருங்கப்பல்கள் தங்குதற்கேற்ற துறைமுகமாக இவ்விடம் உலகப் புகழ் பெற்றதற்கும், நீலத் திமிங்கிலங்கள் கரையினின்றும் வெகுதூரம் செல்லாமலே காணப்படுவதற்கும் இந்த ஆழமும் ஒரு காரணம்.

இத்தகைய கடலிலே தூண்டில் போடுபவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வள்ளம் சிறிது தூரம் நகர்ந்தாலும் அடிநிலம் 20 பாகத்திலிருந்து 50 பாகத்துக்கும் அதற்கப்பாலும் இறங்கிவிடக்கூடும். பாரையும் விளைமீனும் கலவாயும் கூடுமிடம் அந்தச் சரிவின் விளிம்பே. ஆகவே, தூண்டிலை அடிநிலம்வரை கொண்டுசேர்க்கும் ஈயம் எத்தனை நிறையுடையதாய் இருத்தல்வேண்டும் என்பதே அவனுடைய முதற் கேள்வியாகும். இக்கேள்விக்குப் பிழையான விடை கண்டவன், எரிபொருளுக்குக் கொடுத்த பணத்தையும் பகற்பொழுதையும் கடலில் விட்டு வெறுங்கையுடன் மீள்வான்.

முற்காலத்தில் கைத்தூண்டிலின் நுனியில் ஈயக்கட்டியைக் கட்டி, இரை கோத்த முள்ளை இறக்கினர். இக்காலத்திலே ‘ஜிக்’ எனப்படும் உலோக மீன் ஒன்றும் வழக்கத்துக்கு வந்துள்ளது. ஈயத்தால் வார்த்து, மீனைப்போல வண்ணந் தீட்டிய இதற்கு இரையே வேண்டியதில்லை. அடிநிலம்வரை இறக்கி, வெட்டி வெட்டி மேலே இழுத்தால், அடிபட்டு ஓடும் சிறுமீனென நம்பிப் பெருமீன் பாயும். உருவம் புதிதாயினும் நிறையைப் பற்றிய கேள்வி பழையதே.

தூண்டிற்காரரிடையே ஒரு பருமட்டான கணக்கு வழங்குகின்றது. ஓரடி ஆழத்துக்கு ஒரு கிராம் என்பதே அது. ஒரு பாகம் ஆறடியாகையால், பாகத்துக்கு ஆறு கிராம் என்று கொள்ளலாம். 30 மீற்றர் ஆழத்துக்கு 100 கிராமும், 60 மீற்றருக்கு 200 கிராமும், 100 மீற்றருக்கு 300 கிராமுக்குச் சற்று மேலும் வேண்டும். ஆனால், இது தொடக்கக் கணக்கு மாத்திரமே. காற்று வள்ளத்தைத் தள்ளுகின்றது. நீரோட்டம் தங்கூசியைத் தள்ளுகின்றது. நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால், அதன் தள்ளுவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நேற்றுப் போதுமாயிருந்த ஈயம் இன்று போதாமற்போவது இதனாலேயே.

நிறை போதாதென்பதைத் தங்கூசியின் சாய்வு காட்டிவிடும். அது செங்குத்தாய் இறங்கினால், விட்ட நீளமே ஆழம். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால், 30 பாக ஆழத்தை எட்ட ஏறக்குறைய 60 பாக நீளம் வேண்டும். வகுப்பறையில் கோசைன் வாய்பாட்டை வெறுக்கும் மாணவர் இதனை ஒருமுறை வள்ளத்திலிருந்து காண்பாராயின், பின்னர் மறக்கமாட்டார். அவ்வளவு சாய்ந்த தூண்டிலில் மீன் தொட்டாலும் கைக்குத் தெரியாது. முதிய கடற்றொழிலாளர் ஒருவர் இதனை எமக்கு விளக்கியபோது, “மாஸ்டர், ஈயம் நிலத்திலை தட்டினது கையிலை தெரியவேணும். தெரியாட்டி அது மீனுக்குப் போட்ட தூண்டில் இல்லை, கடலுக்குப் போட்ட காசு” என்றார்.

அப்படியாயின், எப்பொழுதும் மிகப் பாரமான ஈயத்தையே இறக்கினால் என்ன என்று சிலர் வினவலாம். பாரமான ஜிக் விரைந்து விழும். அதன் அசைவைக் கண்டு பாய மீனுக்கு நேரம் கிடையாது. பாறையிடுக்கில் சிக்கினால் ஈயமும் முள்ளும் ஒருங்கே போம். மீன் தலையை உதறும்போது அப்பாரமே ஊசலாடி முள்ளைக் கழற்றிவிடும். கையும் சோர்ந்துபோகும். ஆதலின், நிலத்தைத் தொட்டதைக் கைக்கு உணர்த்தக்கூடிய ஈயங்களுள் மிகச் சிறியதே தக்கது. முதலில் ஆழத்துக்கேற்ற ஒன்றை இறக்குக. தங்கூசி நேராய் நின்று, தட்டும் உணர்ச்சி தெளிவாயிருப்பின், அடுத்த முறை சிறிது குறைக்க. சாய்ந்தால் கூட்டுக. அன்றி, மெல்லிய நூலுக்கு மாறினும் பயனுண்டு. தடிப்பு அரைவாசியானால் நீர் மோதும் பரப்பும் அரைவாசியாகும். நம்மிடமுள்ள மிகப் பாரமான ஈயமும் நிலத்தைத் தொடாதாயின், அன்று ஆழக்கடலை விட்டுக் கரையண்டைக்குத் திரும்புவதே அறிவுடைமை.

உருவமும் கவனிக்கற்பாலது. ஒடுங்கி நீண்ட ஜிக் நீரைக் கிழித்து விரைவாய் இறங்கும். இலைபோல் அகன்றது ஆடியாடி மெல்ல இறங்கும். நீரோட்டம் மிகுந்த நாளுக்கு முன்னதும், அமைதியான நாளுக்குப் பின்னதும் ஏற்றவை. உலோகமும் வேறுபாடு செய்யும். 100 கிராம் ஈயத்தின் கனவளவு 9 கன சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதே நிறையுடைய தங்குதனின் கனவளவு 5 கன சென்ரிமீற்றருக்குச் சற்றே கூடுதல். ஆக்கிமிடிசின் தத்துவப்படி, கடல்நீரில் ஈயம் ஏறக்குறைய 91 கிராமாகவும், தங்குதன் 95 கிராமாகவும், இரும்பு 87 கிராமாகவும் நிறுக்கும். தங்குதன் சிறந்ததெனினும் விலையோ அதிகம். ஆதலின் ஈயமே இன்றும் பெருவழக்கு. ஈயம் நச்சுத்தன்மை உடையது. அதனைப் பல்லாற் கடித்தலும், சமையலறை அடுப்பில் உருக்குதலும், தொட்ட கையைக் கழுவாது உண்ணுதலும் ஆகா. பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது பெரிதும் கவனிக்கத்தக்கது.

ஆழத்தினின்றும் மீனை மேலே கொண்டுவருவதிலும் ஒரு பொறுப்பு உண்டு. 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் நான்கு மடங்கு. அங்கிருந்து விரைவாய் மேலே வரும் மீனின் காற்றுப்பை போயிலின் விதிப்படி விரியும். அவ்வாறு வந்த சிறுமீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைத்தல் அரிது. ஆகவே, ஓரிடத்தில் குஞ்சுகளே அகப்படுமாயின், அவ்விடத்தை விட்டு அகலுதல் வேண்டும். 2003ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட புறாத்தீவைச் சூழ்ந்த பவளப்பாறைகளில் தூண்டிலே ஆகாது.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே, இக்கரையில் மீன்பிடித்தலுக்குத் தடைகளும் நேரக் கட்டுப்பாடுகளும் இருந்தன. இடையிலே 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை வந்தது. வள்ளங்கள் அழிந்தன, உயிர்கள் மாண்டன. ஆழக்கடலிற் பழகவேண்டிய வயதில் கரையிலேயே நின்றுவிட்டோர் பலர். இன்று ஆழமளக்கும் கருவிகள் கடைகளிற் கிடைக்கின்றன. அவை ஆழம் எத்தனை மீற்றர் என்று சொல்லும். அன்றைய நீருக்கு எந்த ஈயம் பொருந்தும் என்பதையோ கையே கற்கவேண்டும். தந்தை மகனுக்கு வள்ளத்திலே கொடுத்துவந்த அந்தக் கல்வியின் கண்ணிகள் பல அறுந்துவிட்டன. எஞ்சியிருக்கும் முதியோரிடமிருந்து அதனைக் கேட்டு எழுதிவைத்தல் நம் மாணவர் செய்யத்தக்க தொண்டாகும். கடற்கரைக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் தம் தந்தையரின் தொழிலைக் கல்வியன்றென எண்ணிக் கூச்சப்படுவதை வகுப்பறையிலே கண்டிருக்கிறோம். கோசைனும் ஆக்கிமிடிசும் போயிலும் தம் வள்ளத்திலேயே இருந்தனர் என்பதை அப்பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் ஆசிரியராகிய எம் கடன்.

பங்குனி தொடங்கி ஆவணி ஈறாகக் கீழ்க்கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். அம்மாதங்களில் திருக்கோணமலை செல்லும் அன்பர்கள், கோயிலைத் தரிசித்தபின் கரைக்கும் ஒருமுறை இறங்குவாராக. வள்ளங்களின் அருகே தூண்டிலுக்கு ஈயம் தெரிந்து கட்டுவோரைக் காணலாம். ஒன்றை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்து, கடலை ஒருமுறை நோக்கி, அதனை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பர். அவ்வாறு ஏன் மாற்றினீர் என்று பணிவுடன் கேட்டால், மனமுவந்து சொல்வர்.